ஆராயியை உதைத்த கால்

கரடியூர் ஆராயியைப் பற்றி ஏற்காடு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் யாரைக் கேட்டாலும், கட்டினவன் காலில் சூடு போட்டுவிட்டு ஓடிப்போனவள் என்பார்கள். சூடு போட்டது உண்மை. ஓடிப்போனாள் என்பது பொய். நடந்துதான் போனாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது நான் ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மலை ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுவது என் வேலை.

அவள் புருஷன் சின்னன், எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறி ஏறி, அவன் பாதம் இரும்பாகக் காய்த்துப்போயிருந்தது. அந்தக் காலால்தான் ஆராயியை உதைப்பான். குழம்பில் உப்புக் குறைந்தால் இடுப்பில், பதில் பேசினால் முதுகில். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வயிற்றில் உதைத்தான். ஆண் குழந்தை, செத்தே பிறந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே அவளுடைய அக்கா அத்தாயிதான் குழி தோண்டினாள்.

1979-இல் மிளகுப் பறிப்பின்போது ஏணி சறுக்கியது. முப்பதடி உயரத்திலிருந்து பாறைமேல் மல்லாக்க விழுந்தான். முதுகெலும்பு முறிந்த சத்தம் அடுத்த மரத்திலிருந்தவனுக்குக் கேட்டதாம். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு கைகளும் வாயும் மட்டும் பழையபடியே இருந்தன.

முதலில் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்த கால்கள், மூன்றாம் மாதம் உதைக்க ஆரம்பித்தன. ஆராயி துடைத்துவிடக் குனிந்தால் உதை, புரட்டிப் போட்டால் உதை. ஒரு தடவை அவள் முன்பல் இரண்டு உடைந்து கையில் வந்துவிட்டன.

அந்த வாரம் நான் போனபோது அவன் உள்ளங்காலில் ஒரு கை அகலத்துக்குத் தோல் வெந்து தொங்கியது.

"இதென்ன ஆராயி?"

"நாந்தானுங்க. கொள்ளிக்கட்டையை வெச்சேன்."

ஓங்கி அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் அழவில்லை.

"நடிக்கறானுங்க. சுட்டதும் காலு வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு. வலி தெரியாதவன் காலு இழுக்குமுங்களா? நடக்க மட்டும் முடியாதாம், என்னை உதைக்க முடியுதாம். வேணும்னே உதைக்கறான்னா நான் எங்கக்கா ஊட்டுக்குப் போயிர்றேனுங்க. இவன் கெடந்து சாவட்டும்."

அவள் போய்விட்டால் அவனைப் புரட்டிப் போட ஆளில்லை. புண் அழுகிச் செத்துப்போவான். அந்தக் கால் அவன் சொல்லி உதைக்கவில்லை என்று அவளுக்கு நான் காட்டியே ஆகவேண்டும்.

அவன் கண்ணைத் துண்டால் கட்டினேன். என் மருந்துப் பெட்டிச் சாவியை எடுத்து, சூடு படாத மறு காலின் அடியில் அழுத்திக் கீறினேன். முழங்கால் மடங்கி, கால் வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டது.

"சின்னா, நான் இப்ப என்ன பண்ணினேன்?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலீங்களே. சீக்கிரம் ஆரம்பிங்க நர்சம்மா."

ஆராயி வாயைப் பிளந்து பார்த்தாள். அவளே சாவியை வாங்கி இரண்டு தடவை கீறிப் பார்த்தாள். கால் துள்ளியது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அடுப்புல கை பட்டா யோசிச்சா எடுப்பே கண்ணு?" என்றேன். "முதுகுத்தண்டே எடுன்னு சொல்லிரும். சுட்டுருச்சுன்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள கை வந்துரும். இவனுக்கு முதுகுக்குள்ள ஓடற நரம்பு நடுவுல நசுங்கிப் போச்சு. கீழ இருந்து சேதி மேல போகாது. சும்மா இருன்னு மேல இருந்து அடக்கவும் முடியாது. அதான் தண்ணி பட்டாலும் உதைக்குது, மூத்திரம் நிறைஞ்சாலும் உதைக்குது. அவனுக்கே தெரியாது."

சின்னன் கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு சிரித்தான். "கேட்டுக்கிட்டியா புள்ளே? நானில்லை!"

ஆராயி என்னையே பார்த்தாள். "அப்ப முன்னே உதைச்சதெல்லாமுங்க? அதுவும் முதுகுதானுங்களா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் உயிர் தப்பியிருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை கண்ணு. அதெல்லாம் மூளை சொல்லிச் செஞ்சது."

அவள் அவன் பக்கம் திரும்பி, "வவுத்துல உதைச்சது?" என்று கேட்டாள்.

அவன் தலைமாட்டிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்து வீசினான். அவள் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அதைத் துடைக்காமலே என்னிடம் கேட்டாள்.

"இது?"

"இதுவுந்தான்."

அதற்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெந்த பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். என்னிடம் மருந்து வாங்கி, பூப்போலத் தடவிக் கட்டுப் போட்டாள். அந்தக் கால் இரண்டு தடவை அவள் நெஞ்சில் உதைத்தது. "உன்மேல தப்பில்லை சாமி. உன்னைச் சுட்டுப்புட்டேன்" என்று அதனிடம் சொன்னாள். பிறகு எழுந்து, அரிவாளையும் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள். அவன் போட்ட கெட்ட வார்த்தைகள் வளைவு திரும்பும்வரை அவளைத் துரத்தின.

சின்னன் நாற்பது நாளில் புண் புரையோடிச் செத்தான். நான் நாள் தவறாமல் போய்க் கட்டியும் பிரயோசனம் இல்லை. ஊர் என்னையும் சேர்த்துத்தான் திட்டியது. திட்டட்டும்.

ஆராயி பிறகு ஒண்டிக்கடையில் பலாச்சுளையும் ஆரஞ்சும் விற்றுப் பிழைத்தாள். 1991-இல் ஒருநாள் நானும் அவள் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். யாரோ ஒருவர் பஸ் படியேறக் காலைத் தூக்கினார். அவ்வளவுதான், ஆராயியின் இரண்டு கைகளும் பழத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றை மூடிக்கொண்டன. அவளுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும்.

பழத்தைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"பன்னெண்டு வருசமாச்சு, இன்னும் இப்படித்தான் பண்ணுதுங்க. ஏனுங்க நர்சம்மா, இது எங்கிருந்துங்க வருது? தலையா, முதுகா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.