கோழிக்கு வந்த அம்மாள்

யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வீடுகளெல்லாம் வெறிச்சோடிப் போயின. துறைமுகம் பக்கத்திலே என்ற பயத்தில் சனமெல்லாம் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பட்டாளத்தார் வந்து குடியிருந்தார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, விட்டுவிட்டுப் போக ஏலாது.

அம்மா அதற்கு முந்தின வருடமே போய்விட்டார். அவருக்கு அம்மை கண்டது. எங்கள் ஆட்கள் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்லுவார்கள். காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அம்மாவைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அம்மாள் எடுத்த உயிருக்கு அழுதால் அவ கோவிப்பா என்று பெரியம்மா சொன்னதால் வீட்டில் ஒருவரும் அழவில்லை. அப்பாவும் அழவில்லை. பிறகு பெரியம்மாவும் யாழ்ப்பாணம் போய்விட்டார்.

பகல் முழுக்க எனக்குத் துணை சிவப்பிதான். பக்கத்து வீட்டார் அவசரத்தில் விட்டுவிட்டுப் போன பேட்டுக்கோழி. நான் குசினியில் சமைத்தால் அவளும் குசினியில் இருப்பாள். நான் கதைத்தால் தலையைச் சரித்துக் கேட்பாள். அப்பாவுக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது. "வீடு முழுக்கப் பீச்சி வைச்சிருக்கு சனியன்" என்று செருப்பை எடுப்பார்.

ஒருநாள் சிவப்பியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பரு பருவாகப் போட்டிருந்தது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. கோயிலடிக்கு ஓடிப்போய் வேப்பங்குழை முறித்து வந்து வாசல் படலையில் கட்டினேன். எங்களுக்கு அதுதானே முறை. வேப்பிலை கட்டின வீட்டுக்கு வெளியாள் வரக்கூடாது, வீட்டில் மச்ச மாமிசம் காய்ச்சக்கூடாது. சிவப்பியைக் கறியாக்கும் எண்ணம் அப்பாவுக்கு வந்தாலும் இனி நடக்காது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

காலையில் ரொட்டி விற்கிற பாண்காரர் வேப்பிலையைக் கண்டு தூரத்திலேயே சைக்கிளை நிறுத்தினார்.

"ஆருக்குப் பிள்ளை? கொப்பருக்கோ?"

எனக்கு வெளியாட்களோடு கதைக்க வெட்கம். அப்பாவுக்கு இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"பின்னை ஆருக்கு?"

"கோழிக்கு."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு வெறும் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "கோழிக்கு வேப்பிலை கட்டின வீட்டை இண்டைக்குத்தான் காணுறன். அம்மாளுக்கு வேற வேலை இல்லையோ? சட்டியில போட்டிருந்தா ஒரு குழம்பெண்டாலும் மிஞ்சியிருக்கும்!" ஆனாலும் உள்ளே வரவில்லை. பாணை மதிலில் வைத்துவிட்டுப் போனார். அவர்தான் எங்கள் வாசலுக்கு வருகிற ஒரே ஆள். அடுத்த நாளிலிருந்து மதிலில் பாண் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

பாணைத் தண்ணீரில் ஊறவைத்து சிவப்பிக்கு ஊட்டினேன். ஒட்டிப்போன கண்களை மஞ்சள் தண்ணீரால் துடைத்தேன். விழுங்கப் பார்ப்பாள், முடியாது. ஒரு பின்னேரம் என் மடியிலேயே கழுத்து சரிந்தது. நெடுநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வேலையால் வந்த அப்பா என்னையும் கோழியையும் பார்த்தார்.

"செத்துப்போச்சோ?"

"ஓம்."

"நீ அழயில்லையோ?"

"அழக்கூடாது அப்பா. அம்மாள் கோவிப்பா."

அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் குந்தினார். கோழியைத் தூக்கிக் கொண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெரிய வைத்தியர் போல.

"இது அம்மாள் இல்லை, பிள்ளை. வெறும் சளித் தடிமன். தடிமனுக்கு அழலாம்."

நான் அழத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் அழுதார். கோழியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, நான் அழுது முடித்த பிறகும் அழுதார். எனக்கு ஆச்சரியமாய்ப் போயிற்று. செருப்பெடுத்து விரட்டின மனுசனுக்குச் சிவப்பியில் இவ்வளவு விருப்பமா? இது முன்னமே தெரிந்திருந்தால், இரவில் அவளை அப்பாவின் கட்டிலடியில் படுக்க விட்டிருப்பேனே என்று நினைத்தேன்.