உள்ளே ஒரு பாக்கெட்

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த பிறகு எந்த பிராவும் எனக்கு ஒத்துவரவில்லை. மலிவானது தழும்பில் உரசியது. நல்லது சம்பளத்துக்கு எட்டவில்லை. பள்ளியில் நான் விளையாட்டு டீச்சர். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் மைதானத்து ஓரமாகவே நின்றேன்.

அப்போதுதான் கேளம்பாக்கம் கடைத்தெருவில் அந்த டெய்லரம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. எந்தத் துணியையும் முதலில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார்.

விஷயத்தைச் சொன்னதும், “எந்தப் பக்கம்மா எடுத்தாங்க?” என்றார், ஜாக்கெட் அளவு கேட்பதுபோல.

முன்பக்கம் கொக்கி வைத்துப் பருத்தியில் தைத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பாக்கெட். அதில் பஞ்சும், கனத்துக்குக் கொஞ்சம் கடுகும் அடைத்த சின்னத் தலையணை. கூலி ஒரு ஜாக்கெட்டுக்கு ஆவதுதான்.

போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

“கையத் தூக்கும்மா. சாமி கும்புடறாப்ல இல்ல, பஸ்ல கம்பி புடிக்கிறாப்ல.”

தூக்கினேன். எங்கும் உரசவில்லை.

“இப்ப குதி.”

தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே குதித்தேன். எனக்குக் கண் கலங்கியது. அவரோ தையலையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருவாட்டி குதி. மேல ஏறுதான்னு பாக்கணும்.”

ஏறவில்லை.

திங்கட்கிழமை துப்பட்டா இல்லாமல், விசில் ஊதிக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். மூன்றாவது சுற்றில்தான், அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.