தூக்கத்தைக் கெடுத்து நடத்திய தூக்க வகுப்பு

காலை ஆறு மணிக்கு நைட் ஷிப்ட் விடும். ஒன்பதரைக்கு வகுப்பு. நடுவில் கிடக்கிற மூன்றரை மணி நேரம் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, இரவு வேலை செய்பவர்கள் உடல்நலத்தோடும் உற்சாகத்தோடும் இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்வதற்காகக் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ ஒரு ஆள் இல்லை. ஒரு குழுவே கூடிப் பேசி, ஏசி அறையில் காபி குடித்து, நேரம் குறித்திருக்கிறது. அவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூட நைட் முடித்தவன் காலையில் என்ன செய்வான் என்கிற சந்தேகம் வரவில்லை.

பொம்மசந்திராவில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. நான் கான்ட்ராக்ட் ஆள். மூடி வார்க்கும் மெஷினில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் உடல் பரிசோதனை நடக்கும். போன தடவை நைட் ஆட்கள் பத்தொன்பது பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று வந்தது. அதில் நானும் ஒருவன். ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். நாலு வாரம், செவ்வாயும் வெள்ளியும், எட்டு வகுப்பு. ஒன்றைக்கூட விடக்கூடாது. முடிந்ததும் மறுபடி பார்ப்பார்கள். நூற்று நாற்பது, தொண்ணூறுக்கு மேலே போனால் 'அன்ஃபிட்' என்று முத்திரை விழும். முத்திரை விழுந்தால் கான்ட்ராக்டர் மறுநாளே பேரை எடுத்துவிடுவார். எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த வயதில் அன்ஃபிட் சீட்டோடு இன்னொரு கேட்டில் போய் நின்றால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தபோதே ரத்த அழுத்தம் இன்னும் ரெண்டு புள்ளி ஏறியிருக்கும்.

தூக்கம் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு டாக்டர் வேண்டாம், என் கட்டிலைப் பார்த்தாலே போதும். கம்பெனியிலிருந்து முக்கால் மணி நேர நடை தள்ளி ஒரு ரூமில் நாங்கள் நாலு பேர், கட்டில் ரெண்டு. என் கட்டிலில் எனக்குப் பங்காளி ஓர் ஆம்பூர்க்காரன், பக்கத்துக் கம்பெனியில் முதல் ஷிப்ட். அவன் காலை ஐந்துக்கு எழுந்து போவான். ஆறே முக்காலுக்கு நான் வந்து படுப்பேன். பிற்பகல் ரெண்டே முக்காலுக்கு அவன் வருவான், நான் எழுந்துவிடுவேன். கீழே பாய் போடலாம் என்றால் ரெண்டு கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். மூன்று மணிக்கு அங்கேதான் ஸ்டவ் பற்றவைப்பார்கள். ஆக எட்டு மணி நேரம் எனக்கு, மீதி அவனுக்கு. அந்தப் பகுதியில் பாதி ரூம்களில் இதுதான் வழக்கம். ஒரு வருஷமாக ஒரே தலையணையில் படுக்கிறோம், அவன் தூங்கி நான் பார்த்ததில்லை.

வகுப்பு நாளில் கணக்கு இப்படி: பதினொன்றுக்கு விடுவார்கள், ரூமுக்கு வர பதினொன்றே முக்கால். கட்டில் ரெண்டே முக்கால் வரைக்கும்தான் என்னுடையது. எட்டு மணி நேரத் தூக்கம் ஏன் அவசியம் என்று கேட்டுவிட்டு வந்து மூன்று மணி நேரம் தூங்குவேன்.

"என்னண்ணா, இன்னிக்கும் தூங்கறதுக்கு டியூஷனா?" என்பான் ஆம்பூர்க்காரன், கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"ஆமாடா."

"ஃபெயிலானா அடுத்த வருஷம் எழுதலாமா, இல்ல டி.சி. குடுத்துருவாங்களா?"

"டி.சி.தான்."

"அப்ப நல்லா படிங்க. நான் வேணும்னா வெளியே நின்னு ஒப்பிக்கச் சொல்லிக் கேக்கறேன்."

அவனுக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம். வகுப்பு நாட்களில் டீக்கடையில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு வருவான். கேட்டால், "டீ சூடா இருந்துச்சுண்ணா, ஆற வைக்க நேரமாயிருச்சு" என்பான். அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றாதது எட்டாம் வகுப்பு தாண்டாத அவனுக்குத் தோன்றியது.

பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டதாக முதல் நாளே பத்து மணிக்குத்தான் வந்தார். நல்ல வெளுப்பு, இறுக்கமான டி-ஷர்ட், கையில் ரெண்டு லிட்டர் பாட்டில். அதில் எத்தனை மணிக்கு எதுவரை குடிக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. உள்ளே வந்ததும், "குட் மார்னிங்" என்றார். பத்தொன்பது பேரும் மரக்கட்டை மாதிரி பார்த்தோம். "கேக்கலையே" என்றார். காதில் கை வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போலச் சொன்னோம். "எனர்ஜி வேணும் பிரதர்ஸ், எனர்ஜி" என்றார். அவர் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து, பழம் சாப்பிட்டு, ஓடிவிட்டு வந்தவர். எங்களுக்கு எனர்ஜி இல்லாதது அவருக்கு ஒழுக்கக் குறைவாகத் தெரிந்தது.

படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போடச் சொன்னார். படுக்கப் போகுமுன் மெல்லிய இசை கேட்கச் சொன்னார். தர்மபுரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எங்களில் மூத்தவர், கையைத் தூக்கினார்.

"சார், பெட்ரூம்னா எது சார்?"

"நீங்க தூங்கற ரூம்தான் சார்."

"அதுலதான் சார் சமைக்கிறோம்."

பயிற்சியாளர் ஒரு நொடி யோசித்தார். "ஓகே. அப்ப கிச்சன்ல லைட்டைக் கம்மி பண்ணுங்க" என்றார்.

பெரியவர் சீரியஸாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "லைட்டைக் கம்மி பண்ணா உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியாதே, அதுக்கு எந்த வகுப்புக்குப் போறது?" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதற்காகவே நான் கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்காருவேன். மெஷினில் தூக்கம் தள்ளினால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மாமியாரை நெனச்சுக்குவேன். அவ வந்த எடத்துல தூக்கம் நிக்காது" என்றார். எட்டு வகுப்பில் எனக்கு உபயோகப்பட்ட ஒரே யோசனை இதுதான். எனக்கு மாமியார் இல்லாததால் அவருடைய மாமியாரை நினைத்துக்கொண்டேன்.

சிரிப்புக்குச் சொல்கிறேன், ஆனால் அப்போது பயம் இருந்தது. பயந்தவன் எதையும் செய்வான். நானும் செய்தேன், வெட்கமில்லாமல். ராத்திரி ஒரு மணிக்குக் கம்பெனி கேன்டீனில் பூரியும் எண்ணெய் மிதக்கிற குருமாவும் போடுவார்கள். அதே கம்பெனி நியமித்த பயிற்சியாளர் ராத்திரியில் எண்ணெய் ஆகாது, ஆறு பாதாம் போதும் என்றார். எனவே ஊரெல்லாம் பூரி தின்ன, நான் மூலையில் உட்கார்ந்து ஆறு பாதாமை ஒவ்வொன்றாக மென்றேன். நாலு மணிக்குப் பசியில் மூடியெல்லாம் பூரியாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கட்டுகிற கறுப்புப் பட்டை ஒன்றும் வாங்கினேன். ஆம்பூர்க்காரன் அதைப் பார்த்துவிட்டு, "எதாவது பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறீங்களாண்ணா, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றான். அது கண்ணை மறைத்தது, குப்பை ஆட்டோவின் பாட்டை மறைக்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் எங்களை ஹாலில் கம்பளத்தின் மேல் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். கண்ணை மூடி ஓர் அருவியை நினைக்க வேண்டும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அருவி வருவதற்குள் பத்தொன்பது பேரும் போய்விட்டோம். பெரியவரின் குறட்டை ஹாலையே அடைத்ததாம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கைதட்டல் கேட்டு எழுந்தேன். பயிற்சியாளர் முகம் சுண்டியிருந்தது.

"இது தூங்கறதுக்கான பயிற்சி இல்ல பிரதர்ஸ். விழிப்போட ஓய்வு எடுக்கற பயிற்சி" என்றார்.

அடுத்த வகுப்பிலிருந்து படுப்பது தடை. நாற்காலியில் உட்கார்ந்து அருவியை நினைக்க வைத்தார்கள்.

அன்றைக்கு எச்.ஆர். மேடத்திடம் போய்க் கேட்டேன். நல்ல பெண்தான், கன்னடம் கலந்த தமிழில் எல்லாரிடமும் சிரித்துப் பேசும். "மேடம், இந்த வகுப்பை ராத்திரி எட்டரைக்கு வச்சுக்கலாமா? தூங்கி எழுந்து வருவோம், கேட்டுட்டு அப்படியே ட்யூட்டிக்குப் போயிருவோம்."

"ஐயோ, ஆறு மணிக்கு மேல நம்ம டீம்ல யாரும் இருக்கமாட்டாங்க அண்ணா. அவங்களுக்கு ஃபேமிலி டைம் பேக்கு, வேணும் இல்லையா. ட்ரெயினர் சாரும் ஒன்பது மணிக்குப் படுத்துடுவார், அதுல அவர் தும்பா, ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

அந்த அம்மா கேலி செய்யவில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. தூக்கம் புனிதமானது என்று அவர்கள் எல்லாரும் மனசார நம்பினார்கள். அது யாருடைய தூக்கம் என்பதில்தான் கொஞ்சம் தெளிவில்லை.

மறு பரிசோதனை வந்தது. டாக்டர் பதினொன்றுக்குத்தான் வருவார். நான் ஷிப்ட் முடித்து, ஏழு மணிக்கு முதலுதவி அறைக்குப் போனேன், வரிசையில் பேரைப் பதிவு செய்யலாம் என்று. காலை டியூட்டி சிஸ்டர் அப்போதுதான் வந்து பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வேலூர்ப் பக்கம். முகம் எப்போதும் கடுகடுப்பு, அதனாலேயே அவரிடம் யாரும் பேசமாட்டோம். சும்மா ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பி.பி. பட்டையைக் கையில் சுற்றினார். நூற்று அறுபத்தாறு, நூற்று நாலு.

"கடைசியா எப்ப தூங்கினீங்க?"

"நேத்து வகுப்பு சிஸ்டர். மூணு மணி நேரம்."

"எந்த வகுப்பு?"

"தூக்க வகுப்பு."

என்னையே பார்த்தார். பிறகு உள்ளே இருந்த கட்டிலைக் காட்டினார். அடிபட்டவர்களுக்கும் மயங்கி விழுந்தவர்களுக்கும் மட்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்த கட்டில்.

"படுங்க. டாக்டர் வந்தா எழுப்பறேன்."

"யாராவது கேட்டா?"

"வயித்து வலின்னு நோட்டுல எழுதிக்கறேன். எங்க வீட்டுக்காரரும் நைட்டுதான், எனக்குத் தெரியாதா இது. செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க, பெட்ஷீட் இன்னிக்குத்தான் மாத்தினேன்."

திரையை இழுத்துவிட்டார். அந்த ஹாலில் நினைக்கச் சொன்ன அருவியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நாலு மணி நேரம் போனது தெரியவில்லை. எழுப்பினார், முகம் கழுவச் சொன்னார், டாக்டர் முன்னால் உட்கார வைத்தார். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு.

"குட். டயட்டெல்லாம் ஃபாலோ பண்றீங்களா?" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல்.

"பண்றேன் சார்."

வெளியே வரும்போது சிஸ்டர் தாழ்ந்த குரலில், "இது இன்னிக்குத் தப்பிச்சது, அவ்வளவுதான். இந்த ஞாயித்துக்கிழமையைத் தாண்ட விடாதீங்க, போய் ஆஸ்பத்திரில காட்டி மாத்திரை ஆரம்பிங்க. இங்க யார்கிட்டயும் பேசாதீங்க. என் நோட்டுல உங்களுக்கு வயித்து வலி" என்றார். போனேன், காட்டினேன், இன்றுவரை மாத்திரை போடுகிறேன்.

பத்தொன்பதில் ஆறு பேர் தேறினோம். தர்மபுரிப் பெரியவர் தேறவில்லை. அவரை வேலையிலிருந்து எடுத்த அன்று, "பரவால்லப்பா, இனிமே ராத்திரியில தூங்கலாம். மாமியாரை நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டீஸ் பலகையில் ஆறு பேர் போட்டோவையும் ஒட்டி, வகுப்பின் வெற்றி என்று எழுதியிருந்தார்கள். என் போட்டோவில் கண் பாதி மூடியிருந்தது.

ஒரு மாதம் கழித்து எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். புதிதாக ஒரு கூட்டத்துக்கு வகுப்பு தொடங்குகிறதாம். நான் எப்படிக் குறைத்தேன் என்று பத்து நிமிஷம் பேச வேண்டும். எப்போது என்று கேட்டேன். காலை ஒன்பதரைக்கு.

நிறையப் பேசத் தெரிந்தவன் நான். அந்த மேடையில் நின்று கட்டிலைப் பற்றியும் மூன்று மணி நேரத்தைப் பற்றியும் பெரியவரைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். ரூமில் ஆம்பூர்க்காரனிடம் அத்தனையையும் சொல்லி ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் எப்படிக் குறைந்தது என்று ஒருவன் கேட்டால் நான் சிஸ்டருடைய நோட்டில் போய்த்தான் நிற்பேன். அப்புறம் சிஸ்டருக்கும் வேலை போகும். ஆறு மாதத்தில் என்னையும் மறுபடி பார்ப்பார்கள்.

எனவே பாதாம் என்றேன். தண்ணீர் என்றேன். கறுப்புத் திரை என்றேன். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதிரே இருபத்து மூன்று பேர், கண் சிவந்து, கழுத்து நிற்காமல். முதல் வரிசையில் ஒருவன் கேட்டான்.

"நெசமாவே பாதாம் தின்னுதான் கொறஞ்சுதாண்ணா?"

"ஆமாப்பா."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றான். பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான். நான் அவன் இடத்தில் இருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

பயிற்சியாளர் அன்றும் தாமதம்; பேசி முடித்தபோது மணி பத்தேகால். அவர்களுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது. நீங்கள் போகலாம் என்று மேடம் சொன்னார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனேன்.