குளத்துக்கு முன்னால் ஒரு குட்டை

சாரல் தொடங்கினால் குற்றாலம் முழுவதும் எண்ணெய் மணக்கும். அருவிக்குப் போகும் வழியெல்லாம் பலகை போட்டு உட்கார்ந்து தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். சிந்திய எண்ணெய், சீயக்காய், வண்டிப்பேட்டைச் சாணம், எச்சில் இலை எல்லாவற்றையும் மழை ஓடையில் தள்ளிவிடும். அந்த ஓடை தென்காசிப் பக்கம் இறங்கி ஒரு குளத்தில் சேரும். குளத்தடித் தெருவுக்கு அதுதான் குடிதண்ணீர். சாரல் மாதங்களில் குளம் நிறைந்து கிடக்கும், மேலே எண்ணெய்ப் படலம் மின்னும். நிறைந்த குளத்தைத் தாண்டிப் பெண்கள் குடத்தோடு சிற்றாற்றுக்கு நடப்பார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பாலிடெக்னிக் முடித்து, பஞ்சாயத்து யூனியனில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன்; ஊர் வாயில் ஓவர்சியர். அந்த வேலையில் ஒரு பெண்ணைப் பலரும் அப்போதுதான் பார்த்தார்கள். குளத்துக்கு மேலே ஓடையோரம் பள்ளமான புறம்போக்கு ஒன்று இருந்தது. ஓடை நீரை அங்கே சற்று நிறுத்திவைத்தால் மண் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுத் தண்ணீர் மட்டும் குளத்துக்குப் போகும். மட்டம் பார்த்தது, படம் வரைந்தது, மதிப்பீடு போட்டது மூன்றும் நானே.

யூனியன் தலைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளத்துக்குப் போற வழியில இன்னொரு குளமாம்மா? அந்த எடத்துல சீசன் கடை போடணும்னு எத்தன பேரு என் வாசல்ல நிக்கான் தெரியுமா?"

"ஒரு சாரல் பாருங்க ஐயா. குளத்துத் தண்ணிய அந்தத் தெரு எடுக்கலைன்னா கடை போட்டுக்கிடுங்க."

"சரி, ஒரே ஒரு சாரல்தான்," என்றார்.

குட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தைக் கொத்தனார் வழக்கமான மறுகால் போலவே கட்டத் தொடங்கியிருந்தார். நிறைந்தால் மேலே வழிய வேண்டும். மற்றக் குளங்களுக்கு அது சரி. இங்கே முதலில் வழிவது எண்ணெயாகத்தான் இருக்கும். மறுகாலுக்கு முன்னால், அடியில் இடைவெளி விட்டு ஒரு கற்பலகை நிறுத்தச் சொன்னேன்.

"வழியுத எடத்துல எவனாவது கல்ல நிறுத்துவானா? தண்ணிக்குக் கோட்டி புடிச்சிரும்மா."

"அண்ணாச்சி, உங்க வீட்டுக் கிண்டிச் செம்புல மூக்கு எங்கன இருக்கு?"

"வயித்துல."

"மேல தூசி மெதந்தா, ஊத்துதப்ப கையில விழுதா?"

கரண்டியைக் கீழே வைத்தார். "கிண்டி கட்டச் சொல்லுதியன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா." மறுநாள் கல் நின்றது.

முதல் மழையில் குட்டை நிறைந்தது. கல்லுக்கு அடியில் தெளிந்த தண்ணீர் போனது, எண்ணெய் கல்லுக்கு இப்பால் நின்றது. ஆனால் நாளாக ஆக அது தடித்தது. மழை விட்டு மட்டம் இறங்கினால் கல்லுக்கு அடியில் புகுந்துவிடும். எண்ணெயை அள்ள ஆள் கேட்டேன், கிடையாது என்றார் தலைவர். வைக்கோல் வாங்கி நானே பிரி திரித்து, குறுக்கே மிதக்கவிட்டேன். எண்ணெய் ஊறியதும் இழுத்துக் கரையில் போட்டேன்.

ஆற்றிலிருந்து குடத்தோடு திரும்பிய பெண்கள் நின்றார்கள்.

"ஏட்டி, ஓவர்சியரம்மா குட்டைக்குப் பிரிமணை செய்யுதா பாரு. தலையில தூக்கிட்டுப் போகப் போறா போல," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சிரித்து முடித்து, அவளே ஒரு பிரியை எடுத்து முகர்ந்தாள். "வெறகு பூரா நமுத்துக் கெடக்கு. நெல்லு அவிக்க இத எடுத்துக்கிடவாம்மா?"

"எடுத்துக்கிடுங்கக்கா. எடுக்குதவுக காஞ்ச வைக்கோல்ல புதுப் பிரி போட்டுட்டுப் போணும். அவ்வளவுதான்."

கூரையடியில் உலர்த்திய பிரி அடுப்பில் நன்றாகப் பிடித்துக்கொண்டு எரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் புதுப் பிரியோடு வந்தாள், இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. பிறகு யார் முதலில் எடுப்பது என்று சண்டை வந்தது. முறை வைத்துக்கொண்டார்கள். எண்ணெய் எடுப்பது தெருவின் பொறுப்பு என்றாகிவிட்டது. அடியில் தங்கிய வண்டலைக் கோடையில் வயல்காரர்கள் வண்டி கட்டி அள்ளிக்கொள்வதாகச் சொன்னார்கள். கல்லைப் பார்த்துக்கொள்வது மட்டும் எனக்கு மிஞ்சியது.

ஆனாலும் குளத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. ஒரு நாள் அந்தப் பிரிமணைக்காரி குளத்துப் படியில் இறங்கினாள். ஒரு கை அள்ளி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள், வாயில் விட்டுக் கொப்பளித்தாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு குடத்தைக் கழுவி அமுக்கினாள்.

"அப்ப ஆத்துக்கு வரலையாக்கா?" என்று மேலே நின்றவள் கேட்டாள்.

"எனக்கென்ன கோட்டியா?"

சாரல் முடியும்போது தலைவர் வந்தார். "கடைக்காரனுவ கேக்கானுவளே," என்று இழுத்தார். நான் பதில் சொல்லுமுன், கரையில் பிரி திரித்துக்கொண்டிருந்த பிரிமணைக்காரி நிமிராமலே சொன்னாள்: "எங்க தெருவுல வந்து கேக்கச் சொல்லுங்க. நாங்க சொல்லுதோம்."

அவர்கள் வரவில்லை. அதன் பிறகு சில சாரல்கள் போய்விட்டன, கல் அசையவில்லை. என் படத்தில் அதற்குப் 'படிவுக் குட்டை' என்று எழுதியிருந்தேன். தெருவில் அதைக் கிண்டிக்குட்டை என்கிறார்கள். யார் கட்டியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், கொத்தனாரைச் சொல்வார்கள். கொத்தனார் என்னைக் காட்டுவார்.