எசனில் ஒரு குண்டும் பலாலியில் எங்கள் காணியும்

பிராங்பேர்ட்டில் இருந்து எசனுக்குப் போக யாரும் பயப்பட மாட்டார்கள். நான் பயந்துகொண்டுதான் போனேன். பலாலிப் பக்கம் எங்களுக்குப் பதினைந்து பரப்புச் செம்மண் காணி இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேல் ஆமி வைத்திருந்துவிட்டு இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். இங்கே பார்க்கிற வேலையை விட்டுவிட்டு அங்கே போய் வெங்காயமும் மிளகாயும் போடப் போகிறேன் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். (இவர் என்றால் என் கணவர்.) திங்கட்கிழமை முதலாளிக்கு முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முதல், தோட்டத்தில் கூட்டுச் சேரப் போகும் தேவன் அண்ணையைப் பார்க்கத்தான் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். அண்ணையாவது இவருக்குப் புத்தி சொல்வார் என்பது என் நப்பாசை.

மாதாந்த டொய்ச்லாண்ட் டிக்கெட் உள்ளவர்களுக்கு இந்தப் பயணத்துக்கு மேலதிகச் செலவு இல்லை. ஆனால் விரைவு ரயில்களில் ஏற முடியாது. தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கோப்லென்ஸிலும் டூயிஸ்பேர்க்கிலும் மாற வேண்டும். தாமதத்தையும் சேர்த்து ஐந்து மணித்தியாலம் ஒதுக்கிவிடுங்கள். மைன்ஸ் தாண்டியதும் வலது பக்க யன்னலோரம் இருந்தால் ரைன் நதி கூடவே வரும்.

ரேமாகனில் பாலம் இல்லை, பாலத்தின் கறுத்த கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன. அதைக் கண்டதும் இவருக்கு உசார் வந்துவிட்டது.

“இஞ்ச பாரும், சண்டையில விழுந்த பாலம். நாலு நாட்டு ஆமி வந்து இந்த நாட்டைப் பங்குபோட்டு வைச்சிருந்தது. இண்டைக்கு ஆரிட்டையாவது கையேந்துதோ? எங்களுக்கு மட்டும் ஏலாதோ?”

“பாலம் விழுந்தது கண்ணுக்குத் தெரியுது. எங்கட மண்ணுக்குள்ள கிடக்கிறது தெரியுமோ உங்களுக்கு?”

“கண்ணிவெடி எடுத்தாச்செண்டுதானே சொன்னவை.”

“கிணத்தடிப் பக்கம் இன்னும் சிவப்புப் பலகை நிக்குதெண்டும் சொன்னவை.”

அவர் நதியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். காணியை வைத்திருந்த ஆமி அந்நியமா, சொந்த நாடா என்று ஊரில் விடிய விடிய விவாதிப்பார்கள். மண்வெட்டி பிடிக்கிறவனின் காலுக்கு அந்த விவாதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. எனக்கு அந்தக் காலைப் பற்றித்தான் பயம்.

தேவன் அண்ணை எசன் நிலையத்துக்கே வந்து டிராமில் கூட்டிப்போனார். புத்தி சொல்வார் என்று பார்த்தால் உழவு இயந்திரத்தின் வீடியோவைக் காட்டுகிறார்! அவர் மனைவி வசந்தி அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சாப்பிட இருந்த நேரத்தில் தெருவில் ஒலிபெருக்கி வாகனம் வந்தது. பக்கத்தில் கட்டடத்துக்குத் தோண்டிய கிடங்கில் பழைய போர்க்காலக் குண்டு ஒன்று கிடக்கிறதாம். சுற்றியிருக்கிற எல்லோரும் வெளியேற வேண்டுமாம். நாலு மணித்தியாலம் பிடிக்கலாமாம்.

எசனைச் சுற்றியுள்ள ரூர் பகுதியில் இது அடிக்கடி நடப்பதுதான், தெரியும். தெரிந்து என்ன? ஊரில் ஒலிபெருக்கியில் “வெளியேறுங்கள்” என்ற சொல்லை முதல் முறை கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதே பதின்மூன்று வயதில் நின்றேன். வசந்தி அக்கா சோற்றோடு றைஸ் குக்கரைத் துணியில் கட்டினார். தேவன் அண்ணை சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு பையை எடுத்தார். பாஸ்போர்ட், நகை, காணி உறுதி எல்லாம் எப்போதும் அதற்குள்தானாம். ஒரு நாள் விருந்தாளியான நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றினேன். அவர்கள் வீட்டுப் படம்!

கொஞ்சம் தள்ளியிருந்த பாடசாலை மண்டபத்தில் இருக்கவிட்டு இலவசமாகத் தேநீர் தந்தார்கள். ஜேர்மன்காரர் ஒரு போன், ஒரு நாய், ஒரு சீட்டுக்கட்டு என்று வந்திருந்தார்கள். முடி வெட்டப் பதிந்துவைத்த டெர்மின் போய்விட்டதே என்று ஒரு பெண் திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நாங்கள் நாலு பேரும் பிள்ளையாரும் குக்கரும். எனக்குச் சிரிப்பு வந்தது.

“நாலு மணித்தியாலம் எண்டுதானே சொன்னவை,” என்று தேவன் அண்ணை அசடு வழிந்தார்.

“ஊரை விட்ட அண்டைக்கும் ரெண்டு நாளெண்டுதானே அண்ணை சொன்னவை,” என்றேன்.

இவர் எழுந்து செம்மஞ்சள் மேலங்கி போட்ட நகரசபை அலுவலரிடம் போனார். குண்டை எடுக்கப் போவது யார் என்று ஜேர்மனில் கேட்டார்.

“எங்கள் மாநிலத்து ஆட்கள்தான். அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.”

“இத்தனை வருசத்துக்குப் பிறகுமா?”

“இன்னும் நிறையக் கிடக்கிறதே,” என்றார் அவர், மழை வரும் என்று சொல்வதுபோல.

“செலவு?”

“அதுவும் நாங்கள்தான்.”

இவர் திரும்பி வந்து இருந்தார். “எங்கட பக்கம் கனக்க வெளிநாட்டுக் காசிலதான் எடுக்கினம்,” என்று தேவன் அண்ணை மெல்லச் சொன்னார். “காசு நிண்டா வேலையும் நிண்டிடும்.” உழவு இயந்திர வீடியோ காட்டிய அதே மனிதர்தான் சொன்னார்.

இருட்டியபின் குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். மண்டபம் நிமிசத்தில் காலியானது. நாங்கள் எழும்பவேயில்லை. அலுவலர் கிட்ட வந்து, “நீங்கள் வீட்டுக்குப் போகலாம்,” என்று மறுபடியும் சொன்னார். வசந்தி அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியேறச் சொன்னவர்களே அன்றைக்கே வந்து வீட்டுக்குப் போகச் சொன்னதை எங்கள் வாழ்க்கையில் நாங்கள் கேட்டதேயில்லை.

அந்நியப் படை இருந்துவிட்டுப் போன நாடு சொந்தக்காலில் நிற்குமா என்றால், நிற்கும், இந்த நாடே சாட்சி. ஆனால் சொந்தக்கால் என்பது வெங்காயம் விளைவது மட்டும் இல்லை என்று அந்த மண்டபத்தில் எனக்கு உறைத்தது. மண்ணுக்குள் ஒன்று கிடந்தால் கூப்பிடச் சொந்த ஆட்கள் இருக்க வேண்டும். வீட்டைவிட்டு எழுப்பியவனே பொழுதுபடத் திருப்பி அனுப்பவும் வேண்டும். அது ஊரில் எப்போது வருமோ?

மறுநாள் திரும்பும் ரயில் பொன் நகரத்தைத் தாண்டியது. அப்போது இவர் கேட்டார்: “எங்கட காணியில ஒண்டு கிடந்தா ஆருக்குப் போன் பண்ணுறது?”

ஆறு மாதமாக நான் கேட்ட கேள்வி. வென்றுவிட்டேன் என்று ஒரு கணம் குளிர்ந்துபோனேன். ஆனால் அவர் கையில் போன் இருந்தது. அந்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். பயம் வந்தால் நின்றுவிடுவார் என்று நினைத்திருந்தேன். பயம் வந்துவிட்டது, மனிதர் நிற்கவில்லை.

திங்கட்கிழமை வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். மாசியில் பயணம். சிவப்புப் பலகை எடுக்கும்வரை கிணத்தடிப் பக்கம் மண்வெட்டி போடுவதில்லை என்று எங்கள் வீட்டுப் பிள்ளையார் படத்தில் கைவைக்கச் சொன்னேன். வைத்தார்.

எசன் பக்கம் போகிறவர்களுக்கு: குண்டு அறிவிப்பு வந்தால் பதறாமல் அடையாள அட்டை, மருந்து, சார்ஜர் மட்டும் எடுங்கள். குக்கர் வேண்டாம். கடைசி ரயிலுக்கு முந்திய ரயிலைத் திட்டமிடுங்கள், அன்றைக்கு எங்களுக்குக் கடைசி ரயிலும் தவறியது. பலாலிக்கு என்ன எடுத்துப்போவது என்று என்னிடம் கேட்காதீர்கள். இவருடைய பெட்டி இரண்டு கிழமையாக வரவேற்பறையில் திறந்தபடி கிடக்கிறது. நேற்றுத்தான் என் உடுப்பிலும் இரண்டை அதற்குள் வைத்தேன்.