முத்திரை குத்திய ஆறு வளையங்கள்

போர் நடந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தில், கப்பலில் வேலை செய்த என் தம்பி தூண்டில் தடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். முழுத் தடியல்ல. ஏழடிக் கறுப்புத் தண்டு, பிடிக்குரிய தக்கை, ஒரு சுழல் ரீல், பெரிதும் சிறிதுமாக ஒன்பது வளையங்கள் கொண்ட பொட்டலம். தங்கூசி என்ற நைலோன் இழை ஓடும் அந்த வளையங்களை நாமே தண்டில் நூலால் கட்டி வார்னிஷ் பூச வேண்டும். அவன் வந்த திகதியும் கிழமையும் என் கொப்பியில் இருக்கின்றன. அன்று ஊரடங்கு எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. தம்பி அடுத்த கப்பலில் போய்விட்டான். தண்டு முறிந்தால் இன்னொன்று கிடைக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தில் போகத் தடை. உட்துறைமுகக் கரையில் காவலரணைத் தாண்டி முள்ளுக்கம்பி வரைக்கும் நடந்து, அங்கே நின்று தூண்டில் போடலாம். கம்பிக்கு அப்பால் நெடுந்தூரம் முழங்கால் தண்ணீர். பாரை மீன் ஓடியது அதற்கும் அப்பால். கைத்தூண்டிலை எவ்வளவு சுழற்றி எறிந்தாலும் பாதி வழியில் விழும். ஆகவே இரண்டு வருடமாகக் கெளுத்தி தின்று கொண்டிருந்தோம்.

தடியைக் கட்டும் பொறுப்பை அக்காவின் கணவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அத்தான் ஒரு அரசாங்கக் கந்தோரில் கட்டட வரைபடம் கீறுபவர். நேர்கோட்டுக்குக் கோயில் கட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால் அடிக்கல் நாட்ட முதலில் போயிருப்பார். ரீலிலிருந்து நுனி வரை அளந்தார், அறுபது அங்குலம். பத்து அங்குலத்துக்கு ஒன்றாக, நுனியில் வருவதோடு சேர்த்து ஆறு வளையங்கள் என்றார். அறுபதை ஒன்பதால் பிரித்தால் மிச்சம் வருகிறது என்ற ஒரே குற்றத்துக்காக மூன்று வளையங்கள் வேலையிழந்தன.

பொட்டலத்துக்குள் ஒரு விளக்கத்தாளும் இருந்தது. எங்கள் இருவருக்கும் தெரியாத மொழி, ஆனால் படம் இருந்தது: வில்லாக வளைந்த தடி, அதன் வளைவோடு ஒட்டி ஓடும் தங்கூசி, நுனியை நெருங்க நெருங்க நெருக்கமாக வளையங்கள். அதைக் காட்டினேன்.

“வளைஞ்ச சாமானை ஆர் மச்சான் அளக்கிறது?” என்றார். “அது மீன் பிடிக்கேக்கை எடுத்த படம். நாங்கள் கட்டேக்கை தடி நேராத்தானே கிடக்குது.”

அடுத்தது அனுமதி. நீளமாக எதையும் காவிக்கொண்டு காவலரணைக் கடக்கப் படை முகாமில் முத்திரை குத்திய கடிதம் வேண்டும். வளையம் வைத்த கம்பு வானொலிக் கம்பியாகவும் இருக்கலாம் அல்லவா. மற்றவர்கள் ‘தூண்டில் தடி ஒன்று’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் அந்நாட்களில் எங்களுக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது: கேட்காத கேள்விக்கும் பதிலை எழுத்தில் கொண்டுபோவது. அடையாள அட்டையைக் கேட்டால் கலியாணச் சான்றிதழையும் சேர்த்து நீட்டுவோம். அத்தான் இன்னும் ஒரு படி மேலே போனார். மேல்தோற்றம், பக்கத்தோற்றம், வளையத்துக்கு வளையம் பத்து அங்குலம் என்று அம்புக்குறி போட்டு, இரண்டு நிற மையில் ஒரு படம் வரைந்து கடிதத்தோடு இணைத்தார். பதினோராம் நாள் இரண்டும் முகாமிலிருந்து திரும்பி வந்தன. கடிதத்தில் ஒரு முத்திரை. படத்தில், மூன்றாவது வளையத்தின் மேல், இன்னொன்று.

நூல் சுற்றுமுன் வளையங்களை ஒட்டும் நாடாவால் தண்டில் ஒட்டி, பிடியை யன்னல் கம்பியில் கட்டி, தங்கூசியின் நுனியில் பருப்புப் பையொன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நுனிப்பக்கம் தடி வளைய, பத்து அங்குல இடைவெளியில் தங்கூசி வளைவை விட்டுக் குறுக்கே பாய்ந்து தண்டை உரசியது. தண்டு வட்டமாக வளையாமல் மூலை மூலையாக மடிந்தது. முறியப் போகும் இடம் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பக்கமும் பிழைதான். சுழல் ரீலிலிருந்து தங்கூசி சுருள் சுருளாகப் புறப்படும். முதல் வளையம் அவ்வளவு கிட்ட இருந்தால் அந்தச் சுருள்கள் அதில் முட்டி வேகத்தை இழக்கும்.

அத்தானை அழைத்துக் காட்டினேன். பார்த்தார்.

“படத்தில முத்திரை விழுந்திட்டுது. இனி மாத்த ஏலாது.”

“தடி முறிஞ்சு போகும் அத்தான்.”

“முறிஞ்சா, முறிஞ்ச தடிக்கும் ஒரு படம் கீறித் தாறன்.”

அவர் பகிடி விடவில்லை.

அவர் போனபின் வளையங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஆறு என்ற எண்ணிக்கையில் கை வைக்கத் துணிவில்லை. இடத்தை மட்டும் மாற்றினேன். தங்கூசி வளைவோடு ஒட்டி ஓடும் வரை நகர்த்தியதில் பெரிய வளையம் ரீலிலிருந்து பதினெட்டு அங்குலத்துக்குப் போனது. அதன்பின் இடைவெளி பதின்மூன்று, பத்து, எட்டு, ஆறு, கடைசியில் ஐந்து. அப்படியே கட்டி வார்னிஷ் பூசினேன். அத்தான் வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் போனார். ஆனாலும் கடிதம் அவர் பெயரில் இருந்ததால், சனிக்கிழமை காலை என்னோடு வந்தார். காவலரணில் அளந்தால் தடி போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

காவலில் நின்ற இளைஞன் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். தடியில் வளையங்களை விரலால் எண்ணினான். ஆறு. போகச் சொன்னான்.

முதல் எறிதலிலேயே ஈயக்குண்டு என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் விழுந்தது. மூன்றாவதில் இரண்டு சாண் பாரை. நான் குதிக்காத குறை. அத்தானோ ஒரு கல்லில் அமர்ந்து, படத்தை மடியில் விரித்து வைத்திருந்தார்.

“அளக்கேல்லை,” என்றார்.

நல்லதாகப் போயிற்று என்றேன்.

“ரெண்டு கிழமை இருந்து கீறினது மச்சான். தலைகீழாப் பிடிச்சுப் பாத்திட்டுத் தாறான்.”

திரும்பும்போது காவலரணில் நான் தடியோடு நழுவப் பார்த்தேன். அத்தான் நின்றுவிட்டார். தன் சுத்தமான கந்தோர்ச் சிங்களத்தில், படத்தை எந்தப் பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று அந்த இளைஞனுக்கு விளக்கினார். அம்புக்குறிகளைத் தொட்டுக் காட்டினார். இங்கே பத்து, இங்கே பத்து. இளைஞன் பாடத்தைக் கவனமாகக் கேட்டான். அவன் பார்வை தாளிலிருந்து தடிக்கு வந்தது, மீண்டும் தாளுக்குப் போனது. அடிமட்டம் தேவைப்படவில்லை. மேலதிகாரியை அழைத்தான். ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். தடி ‘பரிசீலனைக்காக’ உள்ளே போயிற்று. பாரையைத் திருப்பித் தந்தார்கள்.

“பெடியன் கெட்டிக்காரன்,” என்றார் அத்தான், வீடு வரும் வழியில். “ஒருக்காச் சொன்ன உடன பிடிச்சிட்டான்.”

என் அளவுகளைக் கேட்டு வாங்கி, திருத்திய படமொன்றை முகாமுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. வைகாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் வீதியால் சைக்கிளில் போகும்போது, முகாமின் இறங்குதுறையில் அரைக் காற்சட்டையோடு நின்ற அதிகாரி ஒருவர் என் தடியை வீசுவதைக் கண்டேன். தங்கூசி சிக்கல் இல்லாமல் நீண்டு போயிற்று. ஏதோ பெரிதாகப் பிடித்தது. தண்டு பிடி வரைக்கும் வட்டமாக வளைந்தது, முறியவில்லை. முழுவதையும் பார்க்க ஆசைதான். அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்துவதற்கும் கடிதம் வேண்டும்.