உனக்குத் தெரியாததா?

என் அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பதே கேள்வி கேட்கத்தான். பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர். ஓர் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று ஆட்களிடம் கேட்டு எழுதி, சாஃப்ட்வேர் செய்பவர்களிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்தால் என்ன? நேராக அடுப்படிக்கு வருவாள். "பால் பொங்கப் போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" நான் யோசித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும். துடைப்பதும் நான்தான்.

"அறிவுல ரெண்டு வகை இருக்குடி. வாயால சொல்ல முடியறது ஒண்ணு. கைக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு" என்பாள். உயிரை வாங்குவது என்று மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. அதைப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக் கூடத்தில்தான் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் இன்னும் அங்கே இஸ்திரி உருளையில் நிற்கிறேன். அவள் பல வருஷம் உலர்த்தும் மெஷினில் நின்றாள், மாலை வகுப்பில் படித்தாள், கம்பெனி மாறினாள். அந்தக் கம்பெனிக்கு எங்கள் கூடத்துக்கே சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. "தெரிஞ்ச இடம்தானே" என்று அக்காவை அனுப்பினார்கள். ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

எல்லாரிடமும் உட்கார்ந்து கேட்டாள். எழுதினாள். புது சாஃப்ட்வேரின் சோதனை நாளன்று உலர்த்தும் மெஷின், மணி அடிக்கும்வரை கதவைத் திறக்க விடவில்லை. விரிப்புகள் சருகாகக் காய்ந்து வந்தன. என் உருளையில் எத்தனை தடவை விட்டாலும் சுருக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கூடத்தில் மணி அடிக்கும்வரை யாரும் காத்திருந்ததே இல்லை. துணியில் லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுவோம், மீதியை உருளை பார்த்துக்கொள்ளும். மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாது என்பது சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறையில்தான்; அக்கா எழுதிக் கொடுத்ததும் அதுதான். உலர்த்துகிறவரைப் பிடித்துச் சண்டை போட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"அவ இதே மெஷின்ல நின்னவம்மா. அவகிட்டப் போய் இதைச் சொல்லுவாங்களா? அவளுக்குத் தெரியாததா?"

அக்காவைக் கேட்டால் அழுகிறாள். "தெரியும்டி. ஆனா அது எனக்குத் தெரியுங்கறதே தோணலை." அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. ஊரையெல்லாம் கேட்டவள் தன்னைக் கேட்காமல் விட்டிருக்கிறாள்! வெள்ளிக்கிழமை இன்னொரு சோதனை, அதுதான் கடைசி என்று அவள் மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீ என்னைக் கேளு. ஒண்ணுமே தெரியாதவ மாதிரி கேளு."

வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"மணி அடிக்கலையே மேடம், ஏன் திறக்கறீங்க?"

"கொஞ்சம் ஈரம் இருக்கணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"புறங்கையால தொட்டா சில்லுனு இருக்கணும். ஆனா ஒட்டக் கூடாது."

"பெரிய விரிப்புக்கும் தலையணை உறைக்கும் ஒரே சில்லா?"

"வேற வேற."

"எப்படி வேற?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடி இது, நையி நையின்னு! உனக்குத் தெரியாததா?"

சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. பிறகு அவள் எழுத உட்கார்ந்தாள். கதவைத் திறக்க வேண்டியது மணி அல்ல, தொட்டுப் பார்க்கிறவர். புதிதாக வருகிறவர் பழகியவர் பக்கத்தில் நின்று, கை பழகிய பிறகுதான் தனியாகத் திறக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு விரிப்புகூடத் திரும்பி வரவில்லை. அக்காவின் வேலையும் நிரந்தரமானது. அந்தச் சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

"இன்னிக்கு நீ உருளைச் சத்தத்தை வச்சே ஈரம் சரியா இருக்குன்னு சொன்னியே, அது எப்படி?"

அடுப்பில் பால் இருந்தது. முதலில் துடைக்கிற துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.